தொப்புளில் ஒரு கறுப்பு

அறுபத்திரண்டாம் வருஷம், மாசி மாதம். பொதுத் தேர்தல் முடிந்து நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. ஸ்ரீரங்கம் அடையவளஞ்சான் தெருவில் ஒரு வீட்டின் பின்கட்டில் நாங்கள் குடியிருந்தோம். எனக்குப் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர் வேலை. மனைவிக்குப் பிரசவமாகி இருபத்தைந்து நாள். ஆண் குழந்தை.

கேட்பதற்குச் சந்தோஷமான சமாசாரம்தான். ஆனால் அந்த இருபத்தைந்து நாளும் நான் ஒரு வாய் சோறு நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை. காரணம், அது எங்களுக்கு இரண்டாவது குழந்தை. முதல் குழந்தை மூன்று வருஷத்துக்கு முன்னால் முசிறியில் என் மாமனார் வீட்டில் பிறந்து, ஒன்பதாம் நாள் போய்விட்டது. பால் குடிக்க வாய் திறக்கவில்லை, தாடை இறுகிவிட்டது. அதற்கு மேல் அதை விவரித்து எழுத எனக்கு இன்றைக்கும் தெம்பில்லை. திருச்சிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "தொப்புள்ல என்ன வெச்சீங்க?" என்பதுதான்.

வசம்பைச் சுட்டுக் கரியாக்கி, விளக்கெண்ணெயில் குழைத்து வைத்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் அப்போது குழந்தை பிறந்த வீட்டில் எல்லாம் அதுதான் வழக்கம். பேர் சொல்லா மருந்து என்று வசம்புக்கு அவ்வளவு மரியாதை. வைத்தது என் மனைவியின் அக்கா. டாக்டர் கேட்டதும் நான் திரும்பி அவரைப் பார்த்தேன். வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, எனக்கும் தெரியும். அதற்குப் பிறகு மூன்று வருஷம் நான் அவரோடு பேசியதை எல்லாம் சேர்த்தால், "வாங்க", "சாப்பிட்டீங்களா", "பஸ் எத்தனை மணிக்கு" என்ற மூன்றே வாக்கியம்தான் தேறும்.

அதனால் இரண்டாவது பிரசவத்தை முசிறிக்கு விடவில்லை. திருச்சியில் ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியில் பார்த்தோம். வீட்டுக்கு வந்ததும் நான் ஒரு சட்டம் போட்டேன். குழந்தையின் தொப்புளில் யாரும் எதுவும் வைக்கக் கூடாது. எண்ணெய் கிடையாது, பவுடர் கிடையாது, சாம்பல் கிடையவே கிடையாது. எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்பது தெரு முழுக்கத் தெரியும், யாரும் எதிர்த்துப் பேசவில்லை. மாமியார் இல்லாத வீடு. ஒத்தாசைக்கு வர அக்காவை விட்டால் வேறு ஆள் இல்லை. தன் பிள்ளைகளைப் புருஷனிடம் விட்டுவிட்டு முசிறியிலிருந்து வந்தார். குழந்தையைக் குளிப்பாட்டும்போது தொப்புள் பக்கம் அவர் விரல்கூடப் போகாது. என் எதிரில் அந்த இடத்தைப் பார்ப்பதற்கே பயப்பட்டார்.

கொடி எட்டாம் நாள் விழுந்தது. ஆனால் தொப்புள் காயவில்லை. உள்ளே துவரம்பருப்பு அளவுக்குச் சிவப்பாக ஒரு சதை, எப்போதும் ஈரமாகவே இருந்தது. சுற்றின துணியில் மஞ்சளாகக் கறை படும். ஒரு வாரம் பொறுத்தேன், இன்னொரு வாரமும் பொறுத்தேன். அப்புறம் என்னால் முடியவில்லை. ஒரு வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டேன். மனைவிக்குப் பால் கட்டி நல்ல காய்ச்சல், வீட்டிலேயே படுத்துவிட்டாள். அக்கா குழந்தையைத் தூக்கிக்கொள்ள, நாங்கள் இரண்டு பேருமாக டவுன் பஸ் ஏறி அதே ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே ஒரு வயதான நர்ஸம்மா இருந்தார். கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு குழந்தையின் வயிற்றைப் பார்த்தார். "ஒண்ணுமில்லைங்க. கொடி விழுந்த இடத்துல கொஞ்சம் சதை வளர்ந்திருக்கு. குச்சி வெச்சா காஞ்சு விழுந்துடும்" என்றார். டாக்டரம்மாவும் எட்டிப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார்.

குச்சி என்றால், மரப்பிடி போட்ட பென்சில் மாதிரி ஒன்று. நுனியில் வெள்ளையாக மருந்து. காஸ்டிக் குச்சி என்று அதற்குப் பெயராம். அதை லேசாக ஈரத்தில் தொட்டு, அந்தச் சிவப்புச் சதையின் மேல் ஒற்றி எடுத்தார். சதை சாம்பல் வெள்ளையாக மாறியது. குழந்தைக்கு வலித்ததாகவே தெரியவில்லை. ஆனால் காலைப் பிடித்துக்கொண்டார்களே என்ற ஆத்திரத்தில் வீரிட்டான். வீரிட்டதோடு நிற்கவில்லை, சரியான நேரம் பார்த்து மூத்திரத்தையும் பீய்ச்சிவிட்டான். அது வில் மாதிரி வளைந்து அவன் வயிற்றிலேயே விழுந்து, தொப்புள் வழியாக இடுப்புக்கு ஓடியது. நர்ஸம்மா சிரித்துக்கொண்டே உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடைத்தார். "அப்பன் மாதிரியே கோபக்காரனா?" என்று அக்காவிடம் கேட்டார். அக்கா என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அதற்குள் வராந்தாவில் இருந்த கம்பவுண்டர் என் கையைப் பார்த்துவிட்டார். இங்கே என் விரலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்தத் தேர்தலில்தான் என் வாழ்க்கையில் முதல் ஓட்டுப் போட்டேன். முந்தின தேர்தலின்போது வேலை கிடைத்து ஊர் மாறிய சமயம், பட்டியலில் என் பேர் இல்லை. இந்தத் தடவை வரிசையில் முதல் ஆளாக நின்று போட்டுவிட்டு, இடது ஆள்காட்டி விரலில் மையோடு ஊரையே சுற்றிவந்தேன். ஒர்க்‌ஷாப்பில் அந்த மையை அழிப்பது பற்றிப் பெரிய பந்தயமே நடந்தது. மண்ணெண்ணெய், எலுமிச்சம்பழம், மரத்தூளும் சோப்பும், கடைசியில் இரும்பைத் தேய்க்கிற எமரித் தாள் வரை பார்த்தாயிற்று. தோல் உரிந்ததே தவிர மை போகவில்லை. நாளுக்கு நாள் கறுத்துக்கொண்டுதான் வந்தது.

கம்பவுண்டருக்கும் அதே கேள்வி. "பப்பாளிப் பால் போட்டா போயிடும்ங்கறாங்களே?" என்றார். "யார் சொன்னது?" என்று நான் ஆரம்பித்தேன். பேச்சு சூடு பிடித்தது. நடுவில் நர்ஸம்மா வெளியே வந்து என்னிடம் ஏதோ சொன்னார். தலையாட்டினேன். "தண்ணி படாம பாத்துக்குங்க" என்பது மட்டும் காதில் விழுந்தது. மறுபடியும் தலையாட்டினேன். அக்கா உள்ளே கத்துகிற குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும், "தண்ணி படக்கூடாதாம்" என்று மட்டும் மனைவியிடமும் அக்காவிடமும் சொன்னேன். பெரிய வைத்தியம் செய்துவிட்டு வந்தவன் மாதிரி அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை காலையில் எனக்கு முதல் ஷிப்ட். வீடு திரும்பியபோது குழந்தை தூங்கிக்கொண்டிருந்தான், எழுப்பவில்லை. சனிக்கிழமை அரை நாள்தான் வேலை. இரண்டரை மணிக்கு வந்துவிட்டேன். மனைவி காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். அக்கா பின்னால் துணி துவைத்துக்கொண்டிருந்தார். குழந்தை தூளியில் விழித்துக் கொட்டக்கொட்டப் பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்சலாம் என்று தூக்கி மடியில் போட்டு, வயிற்றில் சுற்றியிருந்த துணியை விலக்கினேன்.

தொப்புள் முழுக்கக் கறுப்பு. கரிக்கட்டையைத் தேய்த்த மாதிரிக் கறுப்பு. சுற்றிலும் ஒரு ரூபாய் அளவுக்குப் பரவி, அங்கிருந்து இடுப்பு வரைக்கும் கோணலாக ஒரு கோடு.

எழுந்து சமையல்கட்டுக்குப் போனேன். அடுப்பு மூலையில் ஒரு கொட்டாங்கச்சி. அதில் பாதி கரிந்த வசம்பும் கொஞ்சம் எண்ணெயும் இருந்தன. அவ்வளவுதான், மூன்று வருஷமாக அடக்கி வைத்திருந்தது எல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்துவிட்டது.

"மறுபடியும் வெச்சுட்டீங்களா? ஒரு பிள்ளை போனது போதலையா உங்களுக்கு?"

அக்கா ஈரக் கையோடு ஓடி வந்தார். கொட்டாங்கச்சியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இல்ல தம்பி. அது கன்னத்துல திருஷ்டிப் பொட்டு வெக்கறதுக்கு. தொப்புள்கிட்ட நான் போகவே இல்ல. குழந்தை மேல ஆணையா போகல."

"அப்ப இது எப்படி வந்துச்சு? தானா வந்துச்சா?"

"நேத்தே லேசா கறுத்துது. காலைல நல்லா கறுத்துடுச்சு. உங்ககிட்ட சொல்ல பயந்துட்டேன். நான்தான் வெச்சேன்னு நினைப்பீங்கன்னு..."

காலையிலேயே பார்த்தும் சொல்லவில்லை என்றால் என்ன அர்த்தம்? எனக்கு அது போதும். நான் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டேன். துணியைத் தண்ணீரில் நனைத்து, சோப்புப் போட்டு, குழந்தையின் வயிற்றைத் தேய்க்க ஆரம்பித்தேன். கறுப்பு போகவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தேன். குழந்தை அலறினான். சுற்றியிருந்த தோல் சிவந்தது, கறுப்பு மட்டும் இம்மி அசையவில்லை. மனைவி பதறி எழுந்து, "என்னங்க பண்றீங்க?" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

அக்காதான் என் கையிலிருந்து குழந்தையைப் பிடுங்கினார். "தண்ணி படக்கூடாதுன்னு நீங்கதானே தம்பி சொன்னீங்க!" என்றார். அதட்டவில்லை, அழுதுகொண்டேதான் சொன்னார்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். "நீங்க வர வேணாம்" என்றேன். அக்கா குழந்தையைத் தரவில்லை. "உங்க கோபத்துல பிள்ளையை உங்க கையில குடுக்க மாட்டேன். நானே தூக்கிட்டு வரேன். அந்தம்மா என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன். அப்புறம் அப்படியே முசிறி பஸ் ஏறிடறேன்" என்றார். மூலையில் இருந்த தன் துணிப்பையையும் எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

பஸ்ஸில் நான் ஒரு பக்கம், அவர் பெண்கள் பக்கம். காவிரிப் பாலம் வந்தபோது என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து போய் என் சுண்டு விரலைக் குழந்தையின் வாயில் வைத்துப் பார்த்தேன். சப்பினான். தாடை இறுகவில்லை. போய் உட்கார்ந்தேன். இரண்டு நிமிஷத்தில் மறுபடியும் எழுந்து போய் விரலை வைத்தேன். மறுபடியும் சப்பினான். இறங்குவதற்குள் நாலைந்து தடவை அப்படிச் செய்தேன். கண்டக்டர், "உக்காருங்க சார், விழுந்துடப் போறீங்க" என்றார். அந்த விரலில் அவன் வாய் இழுத்த இழுப்புதான் அன்றைக்கு என்னை நடக்க வைத்தது.

ஆஸ்பத்திரியில் நுழைந்ததும் கத்த ஆரம்பித்தேன். முதலில் அக்காவைக் குற்றம் சொன்னேன், அதே மூச்சில் நர்ஸம்மாவையும் சொன்னேன். நீங்கள் சுட்டுவிட்டீர்களா, இவர் கரியைப் பூசினாரா, யாராவது ஒருத்தர் பதில் சொல்லுங்கள் என்றேன். வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து பார்த்தார்கள். நர்ஸம்மா குழந்தையை மேஜையில் படுக்கவைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"யாரு இப்படித் தேய்ச்சது? தோலெல்லாம் கன்னிப்போயிருக்கு" என்றார்.

அக்கா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"நான்தான்" என்றேன்.

அவர் என் இடது கையைப் பிடித்து இழுத்தார். ஆள்காட்டி விரலை நீட்டி, குழந்தையின் தொப்புளுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்.

"ரெண்டையும் பாருங்க. ஒரே கறுப்பா இல்லையா?"

பார்த்தேன். ஒரே கறுப்பு. ஓரத்தில் தெரிகிற அந்த லேசான பழுப்பு உட்பட ஒன்றே. நாலு நாளாக மண்ணெண்ணெயும் எமரித் தாளும் போட்டு நான் மல்லுக்கட்டிய அதே கறுப்பு, என் மகன் வயிற்றில் இருந்தது.

"உங்க விரல்ல வெச்ச மையில இருக்கறதும், இந்தக் குச்சியில இருக்கறதும் ஒரே மருந்துதாங்க. வெள்ளி உப்பு. தோல்ல பட்டு வெளிச்சம் பட்டா கறுக்கும். தானா உரிஞ்சாத்தான் போகும். தொப்புள்ல பட்டது காஞ்சு விழுந்துடும். இந்தக் கோடு, இவன் மூத்திரம் போனப்ப வழிஞ்சது. அன்னிக்கே சொன்னேனே, ரெண்டு நாள்ல கறுக்கும், பயப்படாதீங்கன்னு? தலையைத் தலையை ஆட்டினீங்களே!"

கம்பவுண்டர் தன் மேஜையில் எதையோ மும்முரமாகத் தேட ஆரம்பித்தார். பாவம், அவர் மேல் என்ன தப்பு? மையைப் பற்றி வாய் கிழியப் பேசிக்கொண்டு, அதே மையைப் பற்றி எனக்குச் சொன்னதைக் காதில் வாங்காதவன் நான்.

நர்ஸம்மா தன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். விரல் நுனிகள் எல்லாம் திட்டுத்திட்டாகக் கறுப்பு. "தேர்தல் அன்னிக்கு நான் ஓட்டுப் போடப் போனா, அந்த ஆபீசர் என் விரலைப் பாத்துட்டு, ஏம்மா, ஏற்கெனவே போட்டாச்சு போல இருக்கேன்னு ஓரமா நிக்க வெச்சுட்டார். நான் நர்ஸுன்னு சொல்லிப் புரிய வெக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எது முதலில் வந்தது என்று தெரியவில்லை. பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். குழந்தைக்கு ஒன்றுமில்லை. அந்த இரண்டு வார்த்தை உடம்பில் இறங்குவதற்கு எனக்கு ரொம்ப நேரம் பிடித்தது.

அக்கா சிரிக்கவில்லை. குழந்தையின் காலைத் தடவிக்கொண்டே நின்றார். அப்புறம் ரொம்ப மெல்ல நர்ஸம்மாவிடம் கேட்டார்: "அம்மா, இதுக்கு முந்தின பிள்ளைக்கு நான் வசம்புக் கரி வெச்சேன். ஒம்பதாம் நாள் தாடை கட்டிப் போயிடுச்சு. அதனாலதான் போச்சுங்களா?"

மூன்று வருஷமாக நான் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்ததை அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. என்னைவிடத் தூங்காமல் கேட்டிருப்பார்.

நர்ஸம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெரியாதும்மா. கொடி அறுத்த கத்தியா இருக்கலாம், கட்டின நூலா இருக்கலாம், கரியாவும் இருக்கலாம். யாராலயும் சொல்ல முடியாது. கரி வெக்கக் கூடாதுங்கறது நிஜம். ஆனா அது கெடுதல்னு உங்ககிட்ட யாரும் சொல்லலையே? பிள்ளை நல்லா இருக்கணும்னுதானே வெச்சீங்க. இப்ப தெரிஞ்சுக்கிட்டீங்க, இவனுக்கு வெக்கல. போதும்."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். அந்த அழுகை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். நானாவது முதல் குழந்தைக்காக எல்லார் எதிரிலும் அழுதேன். வைத்த கை என்று ஆகிவிட்டதால் அவருக்கு அதற்குக்கூட உரிமை இல்லாமல் போயிருந்தது. அப்படி ஆக்கியது நான்தான்.

வெளியே வந்தோம். முசிறி பஸ் நிற்கும் பக்கமாக அவர் திரும்பினார். நான் அவர் தோளில் இருந்த பையை எடுத்து என் தோளில் மாட்டிக்கொண்டு ஸ்ரீரங்கம் பஸ்ஸைப் பார்த்து நடந்தேன்.

"என் பை தம்பி, குடுங்க."

"இருக்கட்டும் அக்கா."

அந்த மூன்று வருஷத்தில் நான் அவரை அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பாலத்தின் மேல் பஸ் போகும்போது பக்கத்தில் போய் நின்றுகொண்டு, "தப்பு பண்ணிட்டேங்க அக்கா. இன்னிக்கு மட்டும் இல்ல, அன்னிக்குப் பார்த்தேனே, அந்தப் பார்வையும் தப்பு. மன்னிச்சுடுங்க" என்றேன். எனக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கம் கிடையாது. குரல் பெரிசாக வந்துவிட்டது.

"மெதுவா பேசுங்க தம்பி, இப்பதான் கண்ணசந்தான்" என்றார். வீட்டுக்கு வந்ததும் பையை இருந்த மூலையிலேயே வைத்தார்.

அடுத்த வாரம் ஒரு காலையில் நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அக்கா உள்ளங்கையை நீட்டிக்கொண்டு ஓடி வந்தார். கையில் மிளகு அளவுக்குக் கறுப்பாகக் காய்ந்த ஒரு பொருக்கு. "தம்பி, விழுந்துடுச்சு!" என்றார். போய்ப் பார்த்தேன். ஊரில் எல்லாக் குழந்தைக்கும் இருப்பது மாதிரி, ஈரமில்லாமல், குழிந்து, சாதாரணமான ஒரு தொப்புள். அதைவிட அழகான ஒன்றை நான் அதுவரை பார்த்ததில்லை. மனைவி காய்ச்சலெல்லாம் தெளிந்து எழுந்து வந்து, அந்தப் பொருக்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கா ஊரைக் கூட்டினீங்க?" என்றாள். மூன்று பேரும் சிரித்தோம். அந்த வீட்டில் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான். அன்றைக்குப் பொன்மலைக்குப் போகிற ரயிலைக் கோட்டைவிட்டேன்.

வயிற்றில் இருந்த கோடும் இரண்டு வாரத்தில் மங்கி மறைந்துவிட்டது. என் விரலில் தோல் பக்கம் இருந்த மை போனாலும், நகத்தில் இருந்தது போகவில்லை. நகம் வளர வளர அந்தக் கறுப்பும் மெல்ல மேலே ஏறி, ஆடி மாதம் வரை இருந்தது. ஒர்க்‌ஷாப்பில் உளியை இடது கையால் பிடித்து வலது கையால் அடிக்கும்போது, ஒவ்வொரு அடிக்கும் அது நேரே என் கண்ணில் படும்.

அந்தப் பையனுக்கே இப்போது இரண்டு பிள்ளைகள். பிரசவம் இரண்டிலும் கூட இருந்து பார்த்துக்கொண்டவர் முசிறிப் பெரியம்மாதான். நானும் அதற்குப் பிறகு எத்தனையோ தேர்தல் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் விரலை நீட்டி மை வைத்துக்கொள்ளும்போது, குற்றமில்லாத குழந்தையின் கறுப்பு இரண்டு வாரத்தில் போனதும், ஒரு நல்ல மனுஷியைக் கேட்காமலே குற்றவாளியாக்கிய என் விரலின் கறுப்பு அவ்வளவு சீக்கிரம் போகாமல் நின்றதும் நியாயம்தான் என்று இன்றும் தோன்றுகிறது.